கணுக்கால் அளவு

மாசி மாதம் பாதி கடந்துவிட்டால் விராலிமலையில் காற்றின் குணம் மாறிவிடும். வேம்பு தன் பழைய இலைகளை உதிர்க்கத் தொடங்கும். குன்றின் அடிவாரத்துப் புதர்க்காட்டில் திரியும் மயில்கள், அதுகாறும் எட்டி நின்றவை, வீட்டுச் சுவர்களின்மேல் வந்தமர்ந்து கழுத்தைச் சாய்த்துக் கொல்லைப்புறத்துத் தொட்டிகளை நோட்டமிடும். கிணற்றுக்குள் இறங்கும் வாளி தண்ணீரைத் தொடும் ஓசை நாளுக்கு நாள் தாமதித்துக் கேட்கும். அப்பொழுதுதான் எங்கள் ஊர் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது: இந்தக் கோடைக்கு எந்தச் செடியைக் காப்பது, எதை விட்டுவிடுவது?

கேட்பதற்கு இது கொல்லைப்புறத்துப் பேச்சாகத்தான் தோன்றும். எழுதி வாதிக்கத்தக்க பொருளாகத் தோன்றாது. ஆனால் சற்றே நின்று நோக்கினால், அறம் பேசுவோர் எளிதில் கடந்துசெல்ல முடியாத வினாக்கள் அதற்குள் ஒடுங்கியிருப்பது தெரியும். பக்கத்தில் ஒருவர் குடிநீருக்காகக் குடம் தூக்கி அலைகையில் நான் என் தோட்டத்துக்கு நீர் ஊற்றுவது முறையாகுமா? முறையன்று என்றால், நானே குழி வெட்டி நானே நட்டு வளர்த்த மரம் என் கண்ணெதிரே காய்ந்து சாவதைப் பார்த்திருப்பது முறையாகுமா? என் நிலத்தின் அடியில் கிடக்கும் தண்ணீர் என்னுடையதுதானா? இவ்வினாக்களை நான் ஏட்டில் தேடிப் பெறவில்லை. அவை என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றன. எவ்வாறு வந்தன என்பதைச் சொல்வதற்கு முன், இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், குன்றும் அதன்மேல் முருகன் கோயிலுமாக நிற்பது விராலிமலை. சதிராட்டத்துக்கும் குறவஞ்சிக்கும் மயிலுக்கும் பெயர்பெற்ற ஊர். தண்ணீருக்குப் பெயர்பெற்ற ஊர் அன்று. காவிரி வடக்கே திருச்சியைத் தொட்டுக்கொண்டு கிழக்கு நோக்கிப் போய்விடுகிறது; எங்கள் மேட்டு நிலத்துக்கு அதன் பாசனம் எட்டுவதில்லை. மேலே செம்மண்ணும் சரளையும், கீழே கரும்பாறையும்தான் எங்கள் நிலம். மணற்பாங்கான ஆற்றுப் படுகையைப்போல் பாறை தண்ணீரைத் தேக்கி வைப்பதில்லை. அதன் மேற்பகுதி உளுத்து நொய்ந்துபோன அளவிலும், அடியில் வெடிப்பு ஓடிய இடங்களிலும் மட்டுமே நீர் தங்கும். ஆகவே, பங்குனியில் நான் இறைக்கும் ஒவ்வொரு குடமும் சென்ற ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையின் மிச்சம். அது வருமானம் அன்று, கையிருப்பு. அடுத்த ஐப்பசிவரை அதைக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டும்.

இதை அறிந்தே எங்கள் பகுதியின் முன்னோர் கண்மாய்களை வெட்டினர். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் ஏரிகளும் இருக்கின்றன. அவற்றுட் பழையன சிலவற்றின் உள்ளே இரண்டு கல்தூண்கள் நீர்ப்பரப்பின்மேல் தலைநீட்டி நிற்கக் காணலாம். குமிழித் தூம்பு என்பது அதுவே. அடைப்பைத் தூக்கினால் அளவோடு தண்ணீர் வெளியேறும், இறக்கினால் நின்றுவிடும். அதைத் தூக்கவும் இறக்கவும் ஓர் ஆள் இருந்தார். இன்ன வயலுக்கு இன்ன பொழுது என்று முறை இருந்தது. நம் காலத்து ஆழ்துளைக் கிணறோ தூம்பில்லாத ஏரி. அதற்கு முறை வகுப்பார் எவருமில்லை. பொத்தானை அழுத்தும் என் விரல் ஒன்றே அதன் மடைகாவல். விரலுக்குரியவன் மனத்தில் அளவு இருந்தால் உண்டு; இல்லையேல் இல்லை.

பாலை என்பது தனியான நிலம் அன்று என்பதும், முல்லையும் குறிஞ்சியும் வெங்கதிரின் கொடுமையால் தம் இயல்பு கெட்டுப் பாலையாகத் திரிகின்றன என்பதும் சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அரபு நாட்டைப்போல் மணல்வெளி நமக்கில்லை. எனினும் பங்குனி முதல் ஆனிவரை எங்கள் கொல்லைப்புறம் பாலைதான். பாலை ஓர் இடத்தின் பெயர் அன்று, ஒரு நிலையின் பெயர் என்பதை நம் முன்னோர் கண்டனர். அந்த நிலையை வெயில் மட்டும் உண்டாக்குவதில்லை. மனிதனும் உண்டாக்குகிறான் என்பதை நான் 2017-ஆம் ஆண்டுக் கோடையில் கண்டேன்.

நான் பள்ளியாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் அத்தா சிறுவீட்டில் வாழ்ந்தவர். கொல்லையில் ஐந்து மரங்கள் வைத்திருந்தார். ஒளுச் செய்வதற்கு ஒரே செம்புத் தண்ணீர்தான் எடுப்பார். ஆனால் ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு மரத்தடியில் போய்க் குந்துவார். சுபுஹுக்கு எலுமிச்சை, லுஹருக்கு மாதுளை, அஸருக்குக் கறிவேப்பிலை, மஃரிபுக்கு நெல்லி, இஷாவுக்கு வாசலோரத்து மருதாணி. ஐந்து வேளைத் தொழுகை. ஐந்து மரங்களுக்குத் தண்ணீர். இதைப்பற்றி அவர் எனக்கு ஒருநாளும் உபதேசித்ததில்லை. அது அவருக்குச் சிக்கனமும் அன்று, தத்துவமும் அன்று. கால் கழுவும் தண்ணீர் வீணே மண்ணில் போவானேன் என்பதற்கு மேல் அவர் அதைப்பற்றி நினைத்திருக்கவும் மாட்டார்.

நான் அவரைவிட வசதியாக வாழ்ந்தேன். ஊரின் ஓரத்தில் மனை வாங்கி வீடு கட்டி, 2014-இல் 300 அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் விளையாடட்டும் என்று வீட்டின் முன்புறம் 40 சதுர மீட்டர் பரப்பில் புல்தரை அமைத்தேன். ரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு மாலையில் அதன்மேல் நீர் தெளிப்பது எனக்கு ஓய்வுக்கால இன்பமாயிற்று.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழகத்தில் அது இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்துபோயிற்று. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பங்குனியில், எங்கள் மதிலுக்கு அப்பால் ஆடு வளர்த்துப் பிழைக்கும் விதவை அம்மாள் ஒருவரின் கிணறு வற்றிற்று. 40 அடி ஆழமுள்ள பழைய வெட்டுக் கிணறு அது. அவருடைய மாமனார் காலத்தில் வெட்டியது என்றும், அதற்கு முன் அது அடிமண் தெரிய வற்றியதே இல்லை என்றும் பின்னர் அறிந்தேன்.

ஒருநாள் மாலை நான் வழக்கம்போல் புல்லுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றார். நான் கவனிக்கவில்லை. சிறிது நேரம் நின்றபின் அவரே மெல்லச் சொன்னார்: “வாத்தியாரய்யா, புல்லுக்கு ஊத்தி முடிச்சதும் ரெண்டு கொடம் புடிச்சுக்கவா?”

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. குழாயை நிறுத்தச் சொல்லவும் இல்லை. என் வீடு, என் கிணறு, என் புல். அது குடித்து முடித்தபின் தமக்குக் கிடைத்தால் போதும் என்பதை அவர் இயல்பாகவே ஏற்றுக்கொண்டு பேசினார். என்னைச் சுட்டது அவருடைய தேவை அன்று, அந்தப் பணிவுதான். “எடுத்துக்கம்மா, இப்பவே எடுத்துக்க” என்று குழாயை நீட்டினேன். நெல்லுக்குப் பாய்ச்சிய நீரால் வழியில் நிற்கும் புல்லும் பயன்பெறுவதைப்பற்றி ஒளவையார் மூதுரையில் சொன்னதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். என் வாசலில் அந்த வரிசை தலைகீழாக நின்றது. புல் முதலில் குடிக்க, மனிதர் அதன் மிச்சத்துக்குக் காத்திருந்தார்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோடையில் புல்தரை பசுமையாய் இருக்க வேண்டுமானால் நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் வேண்டும். 40 சதுர மீட்டருக்கு 200 லிட்டர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தால் அளந்தால் பதின்மூன்று குடங்கள். அவர் கேட்டதோ இரண்டு.

சட்டம் என் பக்கம் இருந்தது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, குறிப்பிட்ட கால்வழியாக ஓடாமல் தன் நிலத்தின் அடியில் கிடக்கும் நீரைத் திரட்டிப் பயன்படுத்தும் உரிமை நிலத்துக்கு உடையவனுக்கு உண்டு. என் 300 அடிக் குழாயினால்தான் அவருடைய 40 அடிக் கிணறு வற்றிற்று என்று எவராலும் மெய்ப்பிக்க முடியாது. மழை பொய்த்த ஆண்டு. எத்தனையோ கிணறுகள் வற்றின. பூமிக்குள் எந்த வெடிப்பு எந்த வெடிப்போடு கலக்கிறது என்பதை யார் கண்டார்? இவ்வாறெல்லாம் என் மனம் எனக்காக வழக்காடியது. வழக்கு வலுவானதுதான். ஆயினும் தூக்கம் வரவில்லை.

அந்நாட்களில்தான், தண்ணீர் அரிய நாட்டில் பிறந்த நம் மார்க்கச் சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். அங்கே கிணற்றுக்கு ‘ஹரீம்’ என்றொன்று உண்டு. ஒருவருடைய கிணற்றைச் சுற்றிப் பிறர் தோண்டக்கூடாத காப்பு எல்லை அது. உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பு அந்த எல்லையை ஒவ்வொரு பக்கமும் நாற்பது முழம் என்று வரையறுத்தது. மறுநாள் காலை என் குழாய்க்கும் அந்த அம்மாளின் கிணற்றுக்கும் உள்ள இடைவெளியை முழம் போட்டு அளந்தேன். இருபத்தாறு முழம்.

அந்தச் சட்டம் என் மனையைக் கட்டுப்படுத்தாது என்பதை நான் அறிவேன். மின்விசையால் இறைக்கும் ஆழ்குழாயின் இழுப்பு நாற்பது முழத்தையும் தாண்டும் என்பதையும் அறிவேன். என்னை நிறுத்தி வைத்தது அந்த எண் அன்று. அதன் பின்னிருந்த நியாயம். அச்சட்டத்தை வகுத்தவர்களுக்கும் பூமிக்குள் பார்க்கும் கண் இல்லை. எந்த ஊற்று எந்த ஊற்றோடு சேர்கிறது என்பது அவர்களுக்கும் தெரியாது. ஆனால் ‘தெரியாது, ஆகவே தோண்டலாம்’ என்று அவர்கள் முடிவுகட்டவில்லை. ‘தெரியாது, ஆகவே விலகி நில்’ என்றனர். என் மனமோ அறியாமையை எனக்குச் சாதகமான சாட்சியாக்கிற்று. பிறருக்குத் தீங்கு நேருமோ நேராதோ என்று தெரியாத இடத்தில், தெரியாமை நம்மைத் தயங்கச் செய்ய வேண்டுமே அன்றித் துணியச் செய்யலாகாது. நான் கற்ற முதற்பாடம் இது.

இரண்டாவது பாடம் வரிசையைப் பற்றியது. தண்ணீர், மேய்ச்சற்புல், நெருப்பு இம்மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அதை அடியொற்றிச் சட்ட அறிஞர்கள் நீருக்கு இருவகை உரிமையைப் பிரித்துக் காட்டினர். ஒன்று தாக உரிமை. மற்றொன்று பாசன உரிமை. தாகமுள்ள மனிதருக்கும் கால்நடைக்கும் உள்ள உரிமை முன்னே நிற்கிறது. நிலத்தின் உரிமை பின்னே வருகிறது. என் கிணறு என்னுடையதே ஆயினும், தாகித்து வந்தவரைத் தடுக்கும் உரிமை எனக்கில்லை. அந்த அம்மாள் கேட்டது தர்மம் அன்று, தமக்குரிய பங்கு. தம் பங்கையே அவர் பிச்சைபோல் கேட்கும்படி நான் வைத்திருந்தேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால், கோடை பிறந்ததும் தோட்டத்தையே காயவிடுவதுதான் அறம் என்று முடிவு செய்திருப்பேன். ஆனால் மூன்றாவது பாடம் அவ்வாறு முடிக்க விடவில்லை. மதீனாவில் மஹ்ஸூர், முதைனிப் என்னும் இரண்டு ஓடைகளின் மழைவெள்ளத்தைப் பங்கிடுவதில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு ஹதீஸ் நூல்களில் உள்ளது. மேல்நிலத்தான் தன் தோட்டத்தில் கணுக்கால் அளவு நீர் நிற்கும்வரை தேக்கிக்கொள்ளலாம். அதன்பின் கீழ்நிலத்தானுக்குத் திறந்துவிட வேண்டும்.

இத்தீர்ப்பைப் பல நாள் எண்ணிப் பார்த்தேன். இதில் இரண்டு பக்கங்கள் உள்ளன. கணுக்காலுக்கு மேல் தேக்காதே என்பது ஒன்று. கணுக்கால்வரை தேக்கிக்கொள் என்பது மற்றொன்று. கீழே இன்னொருவன் காத்திருக்கிறான் என்பதற்காக மேலுள்ளவன் தன் பேரீச்சையைக் காயவிட வேண்டியதில்லை. மரத்துக்கும் ஓர் உரிமை உண்டு. நட்டவனுக்கு அதனிடம் ஒரு கடன் உண்டு. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பதும் நபிமொழிதானே! ஆகவே வினா ‘ஊற்றலாமா, கூடாதா’ என்பதன்று. ‘எதற்கு, எவ்வளவு, யாருக்குப் பின்’ என்பதே வினா. அளவு என்பது கஞ்சத்தனத்தின் மறுபெயர் அன்று. அயலானை நினைவில் வைத்திருப்பதன் பெயர்.

இங்கே நண்பர்கள் ஒரு தடை எழுப்புவதுண்டு. “உங்கள் வீட்டுக் குழாயை மூடினால் ஊர்க் கிணறெல்லாம் ஊறிவிடுமா? நம் மாவட்டத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தைலமரக் காடு நிற்கிறது; அது குடிக்கும் தண்ணீருக்கு முன் உங்கள் புல் எம்மாத்திரம்?” என்பார்கள். தடை நியாயமானதே. தைலமரம் நிலத்தடி நீரை வற்றச் செய்கிறது என்ற குறை புதுக்கோட்டை உழவர்களிடம் நெடுங்காலமாக உண்டு. பெரிய இழப்புகளைச் சிறிய வீட்டுக்காரர்களின் குற்ற உணர்வால் ஈடுசெய்ய முடியாது. அப்படி ஈடுசெய்யச் சொல்வது நீதியும் அன்று.

ஆனால் நான் அவர்களுக்குச் சொல்லும் விடை இது. ஊர்த் தண்ணீர் முழுவதற்கும் நான் பொறுப்பாளி அல்லேன். மதிலுக்கு அப்பால் இருபத்தாறு முழத்தில் இருக்கும் கிணற்றுக்கு நான் பொறுப்பாளி. பெரியவன் செய்யும் அநீதி, என் கைக்கு எட்டிய சிறிய நீதியைச் செய்யாதிருக்க எனக்குத் தரப்பட்ட விடுமுறை ஆகாது. அன்றியும், தன் வீட்டில் அளவு வைத்தவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பெரியவர்களின் அளவைப்பற்றிக் கேட்கும்போது அவன் சொல்லுக்கு ஓர் எடை உண்டு. பதின்மூன்று குடத்தைப் புல்லில் கொட்டிக்கொண்டு தைலமரத்தைத் தூற்றுகிறவனுக்கு அந்த எடை ஏது?

அந்தக் கோடையில் வீட்டார் எல்லோருமாக அமர்ந்து தோட்டத்தை மூன்றாகப் பிரித்தோம். வேம்பு, புங்கை, அரளி, காகிதப்பூ ஆகியவை நன்கு வேரூன்றியவை; அவற்றுக்கு ஒன்றும் வேண்டியதில்லை. எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை, இளங்கொய்யா ஆகியவை கைவிட்டால் சாகும். அவற்றைக் காக்க வேண்டும். மூன்றாவது புல். அதை விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. இரண்டு வாரத்தில் அது பழுப்பேறி உலர்ந்தது. பேரன் தொலைபேசியில் வருந்தினான். காரணத்தைச் சொன்னேன். “அப்ப அவங்க ஆட்டுக்கும் தண்ணி குடுத்தீங்களா நன்னா?” என்று கேட்டான். வரிசை அவனுக்கு என்னைவிட எளிதாக விளங்கிவிட்டது.

காக்க வேண்டியவற்றைக் காக்கும் முறையையும் அப்பொழுதுதான் கற்றோம். வெயில் ஏறிய பிறகு ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதி காற்றுக்கே போகும். ஆதலின் சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு ஊற்றிவிட வேண்டும். நாள்தோறும் மேலாக நனைப்பதைவிட, சில நாளைக்கு ஒருமுறை ஆழ ஊறும்படி விடுவது நன்று. மரத்தின் தண்ணீர் குடிக்கும் வேர்கள் அடிமரத்தில் இல்லை. கிளைகளின் நிழல் முடியும் விளிம்பை ஒட்டிப் பரந்துள்ளன. அங்கே வட்டமாகப் பாத்தி கட்டி அதில் விட வேண்டும். பாத்தியின்மேல் உதிர்ந்த வேப்பிலையையும் காய்ந்த புல்லையும் நான்கு விரற்கடை உயரம் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் தங்கும்; அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் மட்டும் விட்டுவிட வேண்டும், இல்லையேல் பட்டை அழுகும். காய்ந்துபோன புல்லே அந்த ஆண்டு எங்கள் எலுமிச்சைக்கு மூடாக்காயிற்று.

இளங்கன்றுகளின் பக்கத்தில் சுட்ட மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தோம். மண் உலர்ந்தால் பானை கசியும். மண் நனைந்திருந்தால் கசிவு குறையும். அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் கறிவேப்பிலைக்குப் போயின. குளியலறைக்கு வெளியே ஒளுச் செய்யும் கல்லிலிருந்து சிறு வாய்க்கால் வெட்டிக் கொய்யாவுக்கு விட்டோம். அத்தா மரத்துக்கு மரம் நடந்து செய்ததை நான் சிமெண்டு வாய்க்காலால் செய்தேன், அவ்வளவே வேறுபாடு. கோடையில் உரமிடுவதையும் கிளை கழிப்பதையும் நிறுத்தினோம். அவை புதுத்தளிரை எழுப்பும், புதுத்தளிர் புதுத்தாகம்.

இன்னொன்றும் கண்டோம். உச்சி வெயிலில் செடியின் இலைகள் தொங்கிவிடும். பதறிப்போய் உடனே தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஆனால் அது பல வேளை செடி வெயிலுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தற்காப்பே. மறுநாள் விடியலில் பார்த்தால் நிமிர்ந்து நிற்கும். விடியலிலும் தொங்கினால்தான் அது மெய்யான தாகம். நண்பகல் வாட்டத்தைக் கண்டு அடிக்கடி மேலாக நனைத்துப் பழக்கிய செடி வேரை ஆழ விடாது. மேல்மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருந்து முதற் கொடுங்கோடையில் சாகும். உண்மையான தேவையையும் நண்பகல் வாட்டத்தையும் பிரித்தறியும் பொறுமை செடிக்கு மட்டுமா வேண்டும்? நம் ஆசைகளையும் விடியும்வரை வைத்துப் பார்த்தால், நிமிர்ந்துகொள்பவை எத்தனையோ இருக்கும்.

மழை திரும்பிற்று, கிணறுகளில் நீர் ஏறிற்று. பின்னர் 2018 நவம்பர் 16-இல் கஜாப் புயல் எங்கள் மாவட்டத்தைக் கடந்தபோது எண்ணற்ற மரங்கள் வீழ்ந்தன. வீழ்ந்த இடத்தில் மீண்டும் நடுவது எல்லோர் வீட்டிலும் பேச்சாயிற்று. அப்பொழுதுதான் முழு வினாவும் எனக்குத் தெளிந்தது. எந்த மரத்துக்குத் தண்ணீர் என்ற முடிவைக் கோடையில் எடுப்பது காலங்கடந்த செயல். அது நடும்போதே எடுக்கவேண்டிய முடிவு. நடுவது ஒரு வாக்கு. ‘உனக்கு வேர் ஆழும்வரை நான் பொறுப்பு’ என்று மரத்துக்குக் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கை அயலாரின் கையிருப்பைக்கொண்டு நிறைவேற்றலாகாது. ஆகவே, என்னிடம் உள்ளது எவ்வளவு என்று பார்த்த பின்னரே குழி வெட்ட வேண்டும்.

என்னிடம் உள்ளது எது? என் கூரைமேல் பெய்யும் மழை. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீரைச் சேகரிக்க வேண்டும் என்று தமிழக அரசு 2003-இல் கட்டாயமாக்கியபோது, பலரும் அதை ஒரு குழாயும் குழியுமாகக் கடமைக்குச் செய்து முடித்தோம். கணக்கைப் பார்த்தாலோ வியப்பு உண்டாகும். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். ஒரே இரவில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். நூற்று முப்பது குடத்துக்கும் மேல். அதில் சிதறியது போக, மீதியைத் தொட்டியிலும், கிணற்றோரக் குழியிலும், மரத்தடிப் பாத்தியிலும் சேர்த்தால், சித்திரையில் நான் எடுப்பது ஐப்பசியில் நான் வைத்ததாகும். இப்பொழுது என் தோட்டத்தில் அந்தக் கணக்குக்கு அடங்கிய மரங்களே உள்ளன. முன்போல் அழகாக இல்லை என்பார் உண்டு. நான் மறுப்பதில்லை.

2021 பிப்ரவரியில் காவிரி, வைகை, குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு எங்கள் விராலிமலைப் பகுதியைச் சேர்ந்த குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தக் கால்வாய் நிறைவுபெற்று நீர் வந்தால் அளவைப்பற்றிய இந்தப் பேச்செல்லாம் தேவைப்படாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஓடும் ஆற்றங்கரையில் இருந்து ஒளுச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று நபித்தோழர் ஸஅது (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டதாக ஓர் அறிவிப்பு உண்டு. ஆற்றில் குறைவு ஏற்படும் என்பதற்காகச் சொன்னதாக அது தோன்றவில்லை. அளவு என்பது தண்ணீரின் குணம் அன்று, எடுப்பவனின் குணம் என்பதற்காகவே சொன்னதாகத் தோன்றுகிறது. மேலும், கால்வாய் என்றால் மேல்மடையும் கீழ்மடையும் உண்டு. மதீனாவின் ஓடைகளில் எழுந்த வழக்கு அன்று நம் ஊருக்கும் வரும்.

இதை நான் பெருமைக்காக எழுதவில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள். புல்லை நான் கைவிட்டது ஒழுக்கத்தால் அன்று; ஒரு பெண்மணி என் வாசலில் காத்து நின்றதைக் கண்ட வெட்கத்தால். அவர் வராதிருந்தால் இன்றும் மாலைதோறும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். என் தோட்டத்தை மெச்சுவோரும் இருந்திருப்பார்கள். நாம் செய்யும் தவறுகளுட் பல, அவற்றால் நலிவோர் முறையிடாத காரணத்தாலேயே நமக்குத் தவறாகத் தெரிவதில்லை.

மதிலுக்கு வெளியே இப்போது ஒரு குழாய் இருக்கிறது. கேட்டுப் பெறவேண்டிய தேவையில்லை. அதன் அடியில் ஒரு கல்தொட்டி. ஆடுகள் குடிக்கும், விடியலில் மயில்கள் வரும். மழை திரும்பிய அந்த ஆண்டு அந்த அம்மாள் தம் வேலியிலிருந்து ஒரு முருங்கைப் போத்தை வெட்டிக்கொண்டு வந்தார். புல்தரை இருந்த இடத்தின் ஓரத்தில் தாமே ஊன்றினார். “இதுக்கு ஒண்ணும் ஊத்த வேணாங்கய்யா, தானா வந்துரும்” என்றார். வந்தது. இன்று இரு வீட்டாரும் அதில் கீரை பறிக்கிறோம்.